நாயின் கிண்ணமும் பூனையின் கிண்ணமும்

ஒரே வீட்டின் அடுக்களைப் புறத்தே இரு கிண்ணங்கள் வைக்கப்படுகின்றன. ஒன்று நாய்க்கு, மற்றொன்று பூனைக்கு. வீட்டார் உண்டு மிஞ்சிய சோறும் காய்கறிக் குழம்பும் இரண்டிலும் இடப்படுகின்றன. நாய் கிண்ணத்தை நக்கித் துடைத்துவிட்டு வாலாட்டுகின்றது. பூனையோ முகர்ந்து பார்த்துவிட்டு விலகிச் செல்கின்றது. நாய் நன்றியுள்ளது, பூனை செருக்குடையது என்று வீட்டார் கூறிக்கொள்வர். உண்மையில் இது குணத்தைப் பற்றிய செய்தியன்று. குடலைப் பற்றிய செய்தியாகும். பல்லாயிரம் ஆண்டுகளின் வரலாறு அவ்விரு கிண்ணங்களுள் அடங்கிக் கிடக்கின்றது.

வளர்ப்பு நாய்க்கும் பூனைக்கும் காய்கறி கொடுத்தால் அவற்றின் உடல்நலம் சிறக்கும் என்னும் கருத்து இன்று பலரிடம் வேரூன்றி வருகின்றது. மனிதனுக்கு நன்மை தருவது அவனை அண்டி வாழும் உயிருக்கும் நன்மை தரும் என்பது அன்பினால் விளைந்த எண்ணம். அன்பு போற்றத்தக்கதே. ஆயினும், அறிவின் துணையின்றி இடப்பட்ட உணவு எத்தனையோ நாய்களை நோய்ப்படுக்கையில் வீழ்த்தியிருக்கின்றது. எத்தனையோ பூனைகளின் கண்ணொளியைப் பறித்திருக்கின்றது. ஆகவே இக்கருத்தின் வரலாற்றை அறிந்துகொள்வது விலங்கு வளர்ப்போர்க்கு மட்டுமன்றி, அறிவியல் வளர்ந்த முறையைக் கற்கும் மாணாக்கர்க்கும் பயனுடையதாகும்.

களஞ்சியத்தின் வாயிலில்

மனிதன் முதன்முதலில் பழக்கிய விலங்கு நாய். 1914ஆம் ஆண்டில் செர்மனி நாட்டின் பான் நகரை அடுத்த ஓபர்காசல் என்னுமிடத்தில் ஓர் ஆணும் பெண்ணும் புதைக்கப்பட்ட பழங்குழி ஒன்று கண்டறியப்பட்டது. அவர்களோடு ஒரு நாய்க்குட்டியின் எலும்புகளும் கிடந்தன. ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முந்திய அவ்வெலும்புகளை ஆராய்ந்தோர், அக்குட்டி கடும் நோயுற்றுப் பல வாரங்கள் உயிரோடு இருந்தது என்றும், மனிதர் பேணியிராவிடில் அது அத்தனை நாள் வாழ்ந்திருக்க இயலாது என்றும் 2018ஆம் ஆண்டில் எழுதினர். உழவுத் தொழில் தோன்றுமுன்பே நாய் மனிதனின் அன்பைப் பெற்றுவிட்டது என்பதற்கு இது சான்றாகும்.

பின்னர் மனிதன் ஓரிடத்தில் தங்கி உழத் தொடங்கினான். வேட்டைக்காலத்தில் எலும்பையும் இறைச்சித் துண்டையும் பெற்று வந்த நாய்க்கு, உழவுக்காலத்தில் கூழும் ரொட்டியும் மிச்சமாகக் கிடைத்தன. அவற்றைச் செரிக்க வல்ல நாய்கள் தழைத்தன. 2013ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் அக்செல்சன் குழுவினர் இவ்வுண்மைக்கு மரபணுவில் சான்று கண்டனர். மாச்சத்தைச் செரிக்க உதவும் அமிலேசு என்னும் நொதியை ஆக்கும் மரபணு ஓநாயிடம் இரண்டு படிகளாகவே உள்ளது. நாய்களிடமோ அது 4 முதல் 30 படிகள் வரை பெருகியிருக்கின்றது. பழங்கால நாய் எலும்புகளை ஆராய்ந்த மற்றொரு குழுவினர், இப்பெருக்கம் ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்னரே ஐரோப்பாவில் தொடங்கிவிட்டதை 2016ஆம் ஆண்டில் உணர்த்தினர். உழவு பெரிதும் எட்டாத நிலப்பகுதிகளில் வாழ்ந்த நாய்களிடம் இப்பெருக்கம் குறைவு. ஆசுத்திரேலியாவின் டிங்கோவிடம் ஓநாயைப் போலவே இரண்டு படிகள்தாம் காணப்படுகின்றன. உழவனோடு வாழ்ந்த நாய் தன் குடலையே உழவனுக்கேற்ப மாற்றிக்கொண்டது எனலாம்.

பூனையின் வருகையும் உழவினால் நேர்ந்ததே. தானியம் களஞ்சியத்தில் சேர்ந்தது. தானியத்தை நாடி எலி வந்தது. எலியை நாடிப் பூனை வந்தது. சைப்பிரசுத் தீவில் மனிதனருகே புதைக்கப்பட்ட பூனையொன்றின் எலும்புகள் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முந்தியவை என்று 2004ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. இங்குக் கருதத்தக்க வேறுபாடு ஒன்றுண்டு. களஞ்சியத்தின் வாயிலில் நின்ற நாய் தானியத்தின் மிச்சத்தை உண்டது. அதே வாயிலில் நின்ற பூனையோ தானியத்தைத் தின்ற எலியை உண்டது. மனிதனோடு வாழ்ந்தும் பூனை தன் பழைய உணவை விடவில்லை. விட வேண்டிய தேவையும் அதற்கு நேரவில்லை. இரு கிண்ணங்களின் வேற்றுமை தொடங்கிய இடம் இதுவே.

உரோமர் இட்ட உணவு

நாய்க்கு என்ன உணவிடுவது என்பதை எழுதி வைத்தோருள் உரோமர் முற்பட்டவர். கி.மு. முதலாம் நூற்றாண்டில் உழவு நூல் இயற்றிய வாரோ, ஆட்டுமந்தையைக் காக்கும் நாய்க்குப் பாலில் ஊறிய வாற்கோதுமை ரொட்டியைக் கொடுக்குமாறு கூறினார். இறந்த ஆட்டின் இறைச்சியை அதற்குக் கொடுத்தலாகாது என்றும் எச்சரித்தார். அச்சுவையைக் கண்ட நாய் காவலை மறந்து மந்தையின்மேலேயே பாய்ந்துவிடக்கூடும் என்பது அவரது அச்சம். கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த கொலுமெல்லா, வாற்கோதுமை மாவோடு பால்தெளிவைக் கலந்து ஊட்டச் சொன்னார். பால் கிட்டாத இடங்களில், அவரை வேகவைத்த நீரில் கோதுமை ரொட்டியை ஊறவைத்துக் கொடுக்கலாம் என்றார்.

இவ்விருவர் கூற்றிலும் உடல்நலம் பற்றிய கருத்தைவிடச் சிக்கனமும் ஒழுக்கக் கட்டுப்பாடுமே மேலோங்கி நிற்கின்றன. மந்தைக்காவல் நாய்க்கு மரக்கறி உணவு மலிவாகக் கிடைத்தது. ஆகவே அது கொடுக்கப்பட்டது. எனினும், பாலும் பால்தெளிவும் உடனிருந்தமையால் நாய்க்குத் தேவையான புரதத்தில் ஒரு பகுதி கிட்டிற்று. காவலுக்குச் செல்லும் நாய் வழியில் எதையேனும் பிடித்துத் தின்றும் குறையை நிரப்பிக்கொண்டிருக்கும். சுதந்திரமாகத் திரிந்த நாய்க்கு இருந்த இவ்வாய்ப்பு, பிற்காலத்தில் வீட்டினுள் அடைக்கப்பட்ட நாய்க்கு இல்லாமற் போயிற்று.

மாவுக்கட்டியிலிருந்து தகரப் புட்டி வரை

நாயுணவு ஒரு வணிகப் பொருளாக மாறியது 19ஆம் நூற்றாண்டில் ஆகும். அமெரிக்கரான சேம்சு இசுப்ராட் என்பவர் இடிதாங்கிகளை விற்கும் பொருட்டு இலண்டன் சென்றார். துறைமுகத்து நாய்கள் கப்பலோட்டிகள் எறிந்த உலர் ரொட்டியைப் போட்டியிட்டுத் தின்பதைக் கண்டு அவருக்கு இவ்வெண்ணம் பிறந்தது என்பர். 1860ஆம் ஆண்டளவில் அவர் செய்து விற்ற நாய் ரொட்டியில் கோதுமை மாவு, பீட்கிழங்கு, பிற காய்கறிகள், உலர்த்திய மாட்டிறைச்சிக் கூறுகள் ஆகியவை கலந்திருந்தன. காய்கறி கலந்த நாயுணவை நலத்திற்குரியதென்று விளம்பரம் செய்து விற்கும் வழக்கம் அவ்வாறு தொடங்கியது. அந்நிறுவனத்தில் பணியாற்றிய சார்லசு கிரப்ட் என்பவரே 1891ஆம் ஆண்டில் தம் பெயரால் புகழ்பெற்ற நாய்க் கண்காட்சியைத் தொடங்கினார் என்பதும் நினைவுகூரத்தக்கது.

1922ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தகரப் புட்டிகளில் அடைத்த குதிரை இறைச்சி நாயுணவாக விற்பனைக்கு வந்து பெருகியது. இரண்டாம் உலகப் போர் அந்நிலையை மாற்றியது. படைத்தேவைக்குத் தகரம் வேண்டப்பட்டமையால் புட்டி உணவு குறைந்து, தானியத்தாலான உலர் உணவு மீண்டும் தலையெடுத்தது. பிரித்தானியாவில் மனிதர் உண்ணத்தக்க உணவை வீணாக்குதல் 1940ஆம் ஆண்டில் குற்றமாக்கப்பட்டது. ஆதலின், உருளைக்கிழங்கும் காய்கறிக் கழிவும் ரொட்டித் துண்டும் நாய்களின் கிண்ணத்தை நிரப்பின. அப்போர் தொடங்கிய 1939ஆம் ஆண்டில், உணவுத் தட்டுப்பாட்டிற்கும் குண்டுவீச்சிற்கும் அஞ்சிய இலண்டன் மக்கள் தம் வளர்ப்பு விலங்குகளைத் தாமே கொல்வித்த துயரமும் நிகழ்ந்தது. அவ்வாறு மாண்டவை ஏறத்தாழ நான்கு இலட்சம் என வரலாற்றாசிரியர் மதிப்பிடுகின்றனர்.

போருக்குப் பின்னர், 1957ஆம் ஆண்டில், மாவையும் இறைச்சித் தூளையும் சூட்டிலும் அழுத்தத்திலும் பிழிந்து பொரித்தாற்போல் உப்பவைத்த சிறு உருண்டைகள் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தன. இன்று உலகெங்கும் விற்கும் உலர் உணவின் வடிவம் இதுவே. அவ்வுருண்டை உப்பி நிற்க மாச்சத்து இன்றியமையாதது. எனவே, அதில் தானியம் சேர்ந்ததற்கு விலை மலிவும் எந்திரத்தின் தேவையும் பெரும் காரணங்களாயின. நாயின் குடல் அதற்கு இடங்கொடுத்தது, அவ்வளவே. பூனைக்கும் அதே வடிவில் உணவு செய்யப்பட்டபோதுதான் இடர் விளைந்தது.

நாய்கள் கற்பித்த பாடம்

மரக்கறி உணவு மட்டும் நாய்க்குப் போதுமா என்னும் வினாவிற்கு 20ஆம் நூற்றாண்டின் ஆய்வுக்கூடங்கள் விடை தந்தன. அவ்விடைக்காக நாய்கள் கொடுத்த விலை பெரிது.

இலண்டனில் எட்வர்டு மெலன்பி என்னும் மருத்துவ அறிஞர் நாய்க்குட்டிகளை வெயில் படாத அறையில் வைத்து, ஓட்சுக் கஞ்சி, ரொட்டி போன்ற உணவை ஊட்டி வளர்த்தார். குட்டிகளின் கால் எலும்புகள் வளைந்தன. ஏழைக் குழந்தைகளைப் பற்றியிருந்த ரிக்கெட்சு என்னும் நோயே அது. மீன் ஈரலெண்ணெய் கொடுத்தபோது நோய் அகன்றது. 1919ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட இம்முடிவு, பின்னர் ‘டி’ உயிர்ச்சத்தைக் கண்டறிய வழிகோலியது. மனிதனின் தோல் வெயிலால் இச்சத்தை ஆக்கிக்கொள்ளும். நாயின் தோலோ அதனைப் போதிய அளவில் ஆக்குவதில்லை. ஆகவே நாய் அதனை உணவின் வாயிலாகவே பெற்றாக வேண்டும்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் சோளத்தையே பெரிதும் உண்டு வாழ்ந்த ஏழைகளை அக்காலத்தில் பெலாக்ரா என்னும் நோய் வாட்டியது. தோல் வெடித்து, வயிறு கழிந்து, சித்தம் கலங்கி மக்கள் மாண்டனர். யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிட்டன்டன், அண்டர்கில் ஆகிய இருவரும் நாய்களுக்கு வேகவைத்த உலர் பட்டாணியும் ரொட்டித் தூளும் பருத்தி விதையெண்ணெயும் மட்டுமே கொடுத்துப் பார்த்தனர். பெலாக்ராவை ஒத்த நோய் நாய்களைப் பற்றியதை 1917ஆம் ஆண்டில் எழுதினர். இறைச்சி சேர்த்த நாய்கள் தேறின. நாயின் நாக்கு கறுத்துவிடும் அந்நோயை மக்கள் ‘கருநாக்கு நோய்’ என்றனர். அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையைச் சேர்ந்த யோசப் கோல்டுபர்கர், மனிதனின் பெலாக்ராவும் நாயின் கருநாக்கும் ஒரே குறையால் விளைவன என்னும் கருத்தை வலுப்படுத்தினார். அவர் 1929ஆம் ஆண்டில் மறைந்தார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1937இல், விசுக்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கான்ராடு எல்வெயம், ஈரலிலிருந்து பிரித்தெடுத்த நிக்கோட்டினிக் அமிலம் கருநாக்கைக் குணப்படுத்துவதைக் காட்டினார். விரைவில் அதுவே மனித நோயாளிகளையும் காத்தது. நாயின் கிண்ணத்தில் கிடைத்த உண்மை மனிதனின் தட்டிற்கு மருந்தாயிற்று.

கோல்டுபர்கருடன் பணியாற்றிய வில்லியம் செப்ரல், 1930ஆம் ஆண்டில் வேறோர் உண்மையை எழுதினார். வெங்காயம் உண்ட நாய்களுக்குக் குருதிச் சோகை உண்டாகின்றது என்பதே அது. வெங்காயத்திலுள்ள கந்தகச் சேர்மங்கள் குருதியின் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடுகின்றன. பூண்டும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. வேகவைத்தாலும் காயவைத்தாலும் அந்நஞ்சு நீங்குவதில்லை. வெங்காயமும் பூண்டும் இன்றிக் குழம்பு வைக்காத தமிழர் இல்லங்கள் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் எண்ணிலடங்கா. அக்குழம்பின் மிச்சத்தைச் சோற்றோடு பிசைந்து நாய்க்கு இடுவோர் தீங்கு செய்ய எண்ணி இடுவதில்லை. ஆயினும், செப்ரல் கண்ட உண்மையை அறிந்தோர், நாய்க்கென ஒதுக்கும் பங்கைக் குழம்பு ஊற்றுமுன் எடுத்துவைத்தல் நலம்.

பூனையின் கண்

நாய்கள் கற்பித்த பாடத்தைப் பூனைக்கும் அப்படியே பொருத்தியதால் விளைந்த கேடு பின்னர் வெளிப்பட்டது. டோரின் என்பது ஒருவகை அமினோ அமிலம். 1827ஆம் ஆண்டில் காளையின் பித்தநீரிலிருந்து அது முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. காளையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தே அப்பெயர் பிறந்தது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் அதன் சிறப்பைப் பலரும் உணரவில்லை.

1975ஆம் ஆண்டில் எய்சு, கேரி, சிமிட் ஆகிய மூன்று ஆய்வாளர்கள், டோரின் இல்லாத உணவை உண்ட பூனைகளின் விழித்திரை சிதைந்து பார்வை மங்குவதைக் கண்டறிந்தனர். நாய்க்கென்று செய்த உணவையே பூனைக்கும் கொடுத்து வந்த வீடுகளில் பூனைகள் பார்வை இழந்தமைக்கும் இதுவே காரணம் என்பது 1978ஆம் ஆண்டில் எழுதப்பட்டது. பெரும்பாலான நாய்கள் பிற அமினோ அமிலங்களிலிருந்து டோரினைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்ளும். பூனை தனக்கு வேண்டிய அளவு ஆக்க இயலாது. இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்துமே அதைப் பெற வேண்டும். காய்கறியிலோ தானியத்திலோ டோரின் இல்லை எனலாம்.

கேடு கண்ணோடு நிற்கவில்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிசுப் பிரிவைச் சேர்ந்த பால் பயன் குழுவினர், இதயத்தசை தளர்ந்து மாண்டுகொண்டிருந்த பூனைகளின் குருதியில் டோரின் குறைந்திருப்பதை 1987ஆம் ஆண்டில் வெளியிட்டனர். டோரின் சேர்த்துக் கொடுத்தபோது இதயம் மீண்டும் வலுப்பெற்றது. அப்பூனைகள் உண்டு வந்தது ஏழை வீட்டுச் சோறன்று. முழு ஊட்டமும் அடங்கியதென விற்கப்பட்ட கடை உணவு என்பது வியப்பிற்குரியது. அதன் பின்னர் உணவு செய்வோர் டோரின் அளவை உயர்த்தினர். அவ்விதய நோயும் பெரிதும் அருகிற்று.

பூனைக்கு வேறு குறைகளும் உண்டு. கேரட்டின் செம்மஞ்சள் நிறப்பொருளை மனிதனும் நாயும் ‘ஏ’ உயிர்ச்சத்தாக மாற்றிக்கொள்வர். பூனையால் அது இயலாது. ஆகவே, கண்ணுக்கு நல்லதென்று எத்துணைக் கேரட்டை ஊட்டினும் பூனைக்கு அச்சத்துக் கிட்டுவதில்லை. விலங்குக் கொழுப்பில் மட்டுமே கிடைக்கும் கொழுப்பமிலம் ஒன்றும் அதற்குத் தேவை. பூனை கேரட்டை விரும்பாதது செருக்கன்று. இயற்கை அதற்கு வகுத்த வழி.

காய்கறியின் நன்மையும் எல்லையும்

இவற்றைக் கேட்டு, காய்கறியே ஆகாது என்று முடிவு கட்டுவதும் பிழையாகும். இசுகாட்டிசு டெரியர் என்னும் நாயினத்தைச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பிற நாய்களைவிடப் பன்மடங்கு மிகுதியாகத் தாக்குகின்றது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005ஆம் ஆண்டில் அவ்வின நாய்களின் உணவை ஒப்பிட்டனர். கிழமைக்கு மூன்று முறையேனும் காய்கறி உண்ட நாய்களிடம் அந்நோய் குறைவாகக் காணப்பட்டது. கீரை வகையும் மஞ்சள், செம்மஞ்சள் நிறக் காய்கறியும் இதில் சிறந்து நின்றன. இஃது ஒப்பீட்டு ஆய்வே ஆதலின், காய்கறியே நோயைத் தடுத்தது என்று அறுதியிட்டுக் கூறுவதற்கில்லை. ஓர் இனத்திற் கண்டதை எல்லா நாய்க்கும் பொதுவாக்குவதும் தகாது. ஆயினும், வழக்கமான உணவோடு சிறிது காய்கறி சேர்ப்பது நாய்க்கு நன்மை தரக்கூடும் என்னும் நம்பிக்கைக்கு இவ்வாய்வு ஓரளவு அடிப்படை தந்தது.

மற்றொரு பக்கமும் உண்டு. தானியம் தீயது என்னும் கருத்துப் பரவிய காலத்தில், அதற்கு மாற்றாகப் பட்டாணியும் பருப்பும் உருளைக்கிழங்கும் மிகுந்த நாயுணவுகள் விற்கப்பட்டன. அவற்றை உண்ட நாய்கள் சிலவற்றுக்கு இதயத்தசை தளரும் நோய் கண்டதாக வந்த செய்திகளை ஆராய்வதாக அமெரிக்க உணவு மருந்து ஆணையம் 2018ஆம் ஆண்டில் அறிவித்தது. அவ்வுணவே காரணம் என்பதை உறுதிப்படுத்தப் போதிய சான்று இல்லை என்று 2022ஆம் ஆண்டில் அது கூறிற்று. ஐயம் முற்றும் நீங்கவில்லை, குற்றமும் நாட்டப்படவில்லை. ஒரு பொருளை ஒதுக்கிவிட்டு மற்றொன்றைக் கண்மூடி மிகுப்பதும் அறிவுடைமையாகாது என்பதையே இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

வரலாறு தரும் முடிபுகளைத் தொகுத்து நோக்கலாம். நாய் இறைச்சியை விரும்பினும் பலவும் உண்டு வாழ வல்லது. வேகவைத்து மசித்த பூசணி, கேரட், பீன்சு போன்றவற்றை உப்பும் வெங்காயமும் எண்ணெயும் இன்றிச் சிறு பங்காகச் சேர்க்கலாம். உடல் பருத்த நாய்க்குக் கொழுப்புத் துண்டிற்கு மாற்றாகப் பீன்சு கொடுப்பதும் உதவும். திராட்சையும் உலர் திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அவற்றை அறவே விலக்க வேண்டும். பூனைக்கோ இறைச்சியும் மீனுமே உணவின் உயிர்நாடி. மலச்சிக்கல் உள்ள பூனைக்குச் சிறிதளவு பூசணியைக் கால்நடை மருத்துவர் பரிந்துரைப்பதுண்டு. அது துணைப்பொருளேயன்றி உணவாகாது.

புலால் மறுத்த இல்லத்தார் தம் வீட்டுப் பூனைக்கும் அந்நோன்பைச் சூட்ட விரும்புவதுண்டு. ஆய்வுக்கூடத்தில் ஆக்கிய டோரினும் பிற சத்துகளும் சேர்த்து அளவறிந்து செய்த மரக்கறி உணவுகள் இக்காலத்தில் விற்கப்படுகின்றன. அவ்வழியை நாடுவோரும் மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே நாட வேண்டும். அடுக்களைச் சோறும் காய்கறியும் மட்டுமே பூனைக்குப் போதும் என்று கருதினால், கொல்லாமை கருதி எடுத்த நோன்பு ஓர் உயிரை மெல்ல மெல்லக் கொல்வதாக முடியும். நோன்பு மனிதன் தானே விரும்பி மேற்கொள்வது. பூனை அதனைத் தேர்ந்தெடுக்கவில்லை.

மனிதனின் வாயிலில் 14,000 ஆண்டுகளாக நாய் காத்து நிற்கின்றது. பூனையும் 9,500 ஆண்டுகளாக உடன் வாழ்கின்றது. எலி பிடிக்கவும் இரை தேடவும் இடமில்லாத அடுக்குமாடி வீடுகளில் இன்று அவை மனிதன் இடுவதையன்றி வேறு எதையும் உண்ண இயலாத நிலையில் இருக்கின்றன. கிண்ணத்தில் இருப்பதை உண்ணலாம், அல்லது பட்டினி கிடக்கலாம். மூன்றாவது வழி அவற்றுக்கு இல்லை. தனக்கு எது வேண்டும் என்று சொல்ல வாயற்ற உயிர்க்கு உணவிடுவோன், அவ்வுயிரின் இயல்பை அறிந்து இடுதல் கடமையாகும். நாயின் கிண்ணத்தில் காய்கறிக்கு இடமுண்டு. பூனையின் கிண்ணத்தில் மீன் துண்டிற்கே முதலிடம். இவ்வேற்றுமையை மதிப்பதே இரண்டின் மீதும் காட்டும் உண்மையான அன்பாகும்.